டூ குரோஸ் மறுக்கிறார்

அன்புள்ள ஐயா,

நான் அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். இந்த ஊருக்குப் பெயர் தந்த பழங்குடியினரின் மொழியைச் சரளமாகப் பேசுகிறவர்கள் இன்று மிகச் சிலரே, அவர்களும் முதியவர்கள் என்பதை அண்மையில்தான் அறிந்தேன். ஜேம்ஸ் ஓவன் டார்சி என்ற பாதிரியார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஏறத்தாழ 20,000 சொற்சீட்டுகளை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தார் அவற்றைக் கொண்டு கணினி அகராதி ஒன்றை உருவாக்க உழைத்திருக்கிறார்கள். எனக்குச் சில ஐயங்கள். பேசுவோர் இல்லாத மொழிக்கு அகராதி யாருக்காக? எல்லாச் சொற்களும் கணினியில் ஏறிவிட்டால் மொழி காப்பாற்றப்பட்டதாக ஆகாதா, மிச்சத்தை இயந்திரம் பார்த்துக்கொள்ளாதா? மதம் பரப்ப வந்த ஒருவரின் குறிப்புகளை எப்படி நம்புவது? நான் முதலில் எந்த நூலைப் படிக்கலாம்?

கா.

அன்புள்ள கா.,

சில வாரங்களாக டார்சியைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் இந்தப் பதில். இல்லாவிட்டால் ‘காப்பாற்றப்பட்டதாக ஆகாதா’ என்ற வரியோடு உங்கள் கடிதத்தை மூடி வைத்திருப்பேன்.

மிகச் சிலர் பேசுகிறார்கள் என்று எழுதுகிறீர்கள். நாலு வரி தள்ளி, பேசுவோர் இல்லாத மொழி என்கிறீர்கள். உயிரோடு இருக்கிற கிழவிகளை ஒரே பத்திக்குள் இல்லாமலாக்கிவிட்டீர்களே! உங்கள் ஊரிலிருந்து வடக்கே காரில் ஒன்றரை மணி நேரம் போனால் மேசி என்ற சிற்றூர் வரும். ஒமாஹா மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில் இருக்கிறது. அங்குள்ள பள்ளியில் இந்த மொழியைக் கற்பிக்கிறார்கள். அகராதி அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு. வேறு யாருக்கு?

இயந்திரத்தைப் பற்றி என்னைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும். விட்டுவிடுகிறேன்.

பாதிரியார் விஷயத்துக்கு வருகிறேன். மதம் பரப்ப வந்தவர் என்பதற்காக நாம் வின்சுலோவின் தமிழ் அகராதியைத் தூக்கி எறிந்துவிட்டோமா? டார்சி 1871இல் போன்கா மக்களிடம் ஊழியம் செய்யப் போனவர். போன்கா மொழியும் ஒமாஹா மொழியும் ஏறக்குறைய ஒன்றே. உடல்நலம் கெட்டுத் திரும்பினார். 1878 முதல் 1880 வரை ஒமாஹா மக்களிடையே தங்கினார், இம்முறை அரசின் ஆய்வுத்துறைக்காக. 1895இல் டைபாய்டு வந்து நாற்பத்தாறு வயதில் இறந்தபோது அகராதி அச்சேறவில்லை. சீட்டுகள் பெட்டிகளில் அடங்கி ஸ்மித்சோனியன் ஆவணக்காப்பகத்துக்குப் போயின.

நான் அவரை நம்புவதற்கான காரணம் இதெல்லாம் அல்ல. 1884இல் அவர் ஒமாஹா சமூகத்தைப் பற்றி ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார். குலங்கள், மணவுறவு, சடங்கு, வேட்டை எல்லாம் அதில் உண்டு. ஒரு வழக்கத்தை விரிவாகச் சொல்லிக்கொண்டே வருவார், இன்னார் எனக்குச் சொன்னது என்பார். அடுத்த வரியில் ‘டூ குரோஸ் இதை மறுக்கிறார்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். டூ குரோஸ் ஒமாஹா பெரியவர்களில் ஒருவர். சில இடங்களில் அவருடன் சேர்ந்து தலைவர் ஜோசப் லா பிளெஷும் மறுப்பார். யார் சொன்னது சரி? டார்சி வாயே திறப்பதில்லை.

மொழியியலாளர் எட்வர்ட் சபீர் மாணவராக இருந்தபோது இந்த வரியைப் படித்துத் திகைத்துப்போனதாக 1938இல் ஒரு கட்டுரையில் எழுதினார். ஆய்வாளர் என்றால் விசாரித்து ஒரு முடிவைச் சொல்ல வேண்டாமா என்பது அன்று அவருடைய எரிச்சல். வயதான பிறகு, டார்சி தம் காலத்துக்கு முந்தி நடந்தவர் என்று பட்டது. ஒரு சமூகம் என்பது ஒரே குரலில் பேசும் கூட்டம் அல்ல, டூ குரோஸுக்கு டூ குரோஸின் ஒமாஹா வாழ்க்கை உண்டு.

அகராதியைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இந்த ஒன்றுதான். மறுப்பு இல்லாத அகராதியை நம்பாதீர்கள். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள், ஒரே உச்சரிப்பு, சொன்னவர் பெயர் கிடையாது என்று சலவை செய்து மடித்து வைத்திருந்தால், எங்கோ ஒரு பாட்டியின் வாயை யாரோ அடைத்திருக்கிறார்கள் என்று பொருள். டார்சி 1890இல் வெளியிட்ட தடித்த தொகுதியில் கதைகளை ஒமாஹா மொழியிலேயே அச்சிட்டு, வரிக்கு வரி பொருள் தந்து, பின்னால் குறிப்புகளும் சேர்த்தார். கதை சொன்னவர் ஒரு வடிவம் சொல்லியிருப்பார். சான்சூசி என்ற இன்னொருவர் வேறு வடிவம் சொல்வார். பிராங்க் லா பிளெஷ் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார். எல்லாவற்றையும் பெயரோடு பதிவு செய்தார் டார்சி. இன்றைய கணினி அகராதிகளில் எத்தனை அந்தப் பெயர்களைக் கைவிடாமல் வைத்திருக்கின்றன? இடம் போதாது என்ற சாக்கும் இப்போது கிடையாதே. சொன்னவர் யார், எந்தக் குடும்பம், ஆணா பெண்ணா, மறுத்தவர் யார் என்று நான்கு கட்டங்கள் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்? நீங்கள் மென்பொருள்காரர், சொல்லுங்கள்.

ஆணா பெண்ணா என்று நான் சும்மா கேட்கவில்லை. ஒமாஹா மொழியில் வாக்கியத்தை முடிக்கும் அசை ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. ஏவலிலும் அப்படியே. பாட்டியிடம் மட்டும் மொழி கற்கும் பையன் பாட்டியைப் போலவே பேசுவான். பெயரில்லாத அகராதி அவனைத் திருத்தாது. உறவுமுறைச் சொற்களிலும் பேசுகிறவர் யார் என்பது தெரிய வேண்டும். (நமக்குத் தாய்மாமன் மகள் முறைப்பெண். ஒமாஹாவினருக்கு அவள் அம்மா முறை! லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் உலக உறவுமுறைகளைத் தொகுத்தபோது தமிழையும் ஒமாஹாவையும் ஒரே நூலின் அட்டவணைகளில் அச்சிட்டார். அந்தப் பட்டியலைக் கிளறினால் ஒரு வாரம் போய்விடும். வேண்டாம்.)

பிராங்க் என்று டார்சி குறிப்பிடுபவர் பிரான்சிஸ் லா பிளெஷ், ஜோசப்பின் மகன். அவர் படித்தது மிஷன் விடுதிப் பள்ளி. அந்த நாட்களைப் பற்றி 1900இல் ஒரு நூல் எழுதினார். பள்ளிக்குள் தாய்மொழி பேசத் தடை, மீறினால் பிரம்பு. புதிதாகச் சேர்ந்த பையன் ஆங்கிலம் வரும்வரை ஊமையாகத் திரிந்தான் என்று எழுதுகிறார். சொற்கள் தாமாக மறைந்துபோயின என்று நினைப்பவர்கள் அந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும். அப்படி வளர்ந்தவர் பின்னாளில் ஓர் அகராதியே செய்தார். 1932இல், அவர் இறந்த ஆண்டில், அது வெளிவந்தது. ஆனால் அது அண்டை மொழியான ஓசேஜின் அகராதி. அதில் ஒமாஹா வாடை வீசுகிறது என்று ஓசேஜ் மொழியைப் பின்னர் ஆராய்ந்தவர்கள் குறைப்பட்டார்கள். குறை நியாயம்தான். எனக்கு அந்த வாடை பிடித்திருக்கிறது.

20,000 சீட்டு என்று நீங்கள் வியந்த எண்ணுக்கு வருகிறேன். மேசியில் ஒரு சிறுமி ‘நான் சாப்பிடுகிறேன்’ என்ற ஒமாஹா சொல்லைக் கேட்டுவிட்டு அகராதியைத் திறக்கிறாள் என்று வையுங்கள். அவள் காதில் விழுந்தது பகரத்தில் தொடங்கியது. ‘நீ சாப்பிடுகிறாய்’ என்றால் னகரம். அகராதியிலோ ‘அவன் சாப்பிடுகிறான்’ என்ற வடிவம்தான் தலைச்சொல்லாக இருக்கும். அது நம் ‘காது’ என்ற சொல்லில் வரும் தகரம் போன்ற ஒலியில் தொடங்கும். பகரத்தில் தேடும் சிறுமிக்கு ஒன்றும் கிடைக்காது. அது மட்டுமா? கையால், வாயால், காலால், கத்தியால், நெருப்பால் என்று எதனால் செய்தார்கள் என்பதைக் காட்டும் முன்னொட்டு வேர்ச்சொல்லின் தலையில் ஏறிக்கொள்ளும். அகரவரிசைப்படி அடுக்கினால் ஒரு வேரின் பிள்ளைகள் ஏழெட்டு இடங்களில் சிதறிவிடுவார்கள். இதையெல்லாம் தீர்க்காமல் எத்தனை ஆயிரம் ஏற்றினாலும் கிட்டங்கிதான். இனி எனக்கு எண்களை எழுதி அனுப்பாதீர்கள்.

எடுத்துக்காட்டு வாக்கியங்கள் வேண்டுமானால் அவையும் டார்சியிடமே இருக்கின்றன. போன்கா மக்களை 1877இல் அரசு அவர்களுடைய நிலத்திலிருந்து பெயர்த்துத் தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்குக் கொண்டுபோனது. உறவுகள் பிரிந்தன. ஆட்கள் டார்சியிடம் வந்து சொல்லச் சொல்ல அவர் கடிதம் எழுதினார். அவற்றில் ஒரு பகுதி 1891இல் தனி நூலாக வந்தது. குதிரை வேண்டும், இன்னாருக்கு உடம்பு சரியில்லை, இன்னார் இறந்துவிட்டார், உங்களைப் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட கடிதங்கள். ‘குதிரை’ என்ற சொல்லுக்கு எதிரே அந்தக் கடிதத்தின் ஒரு வரியும் எழுதச் சொன்னவர் பெயரும் இருந்தால், அதை ஒரு பேரன் என்றைக்காவது படிப்பான். பெயரை வெட்டிவிட்டு ‘குதிரை: நான்கு கால் விலங்கு’ என்று போட்டால் யார் படிப்பார்கள்? நீங்கள்கூடப் படிக்க மாட்டீர்கள்.

மேசிக்குப் போகத் தோன்றினால் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் நிற்காதீர்கள். முதலில் எழுதிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று இருந்துவிடுங்கள். படிக்க நூல் கேட்டிருந்தீர்கள். மேசி பள்ளியின் மொழி மையமும் உங்கள் மாநிலப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் சேர்ந்து எழுதிய பாடநூல் 2018இல் வெளிவந்தது. அதை வாங்குங்கள், இரவல் கேட்காதீர்கள். டார்சியின் 1890 தொகுதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முன்பு சொன்ன அந்தத் தகர ஒலிக்கு சென்ட் காசின் குறியைத்தான் அவர் எழுத்தாகப் பயன்படுத்தினார், சில எழுத்துகளைத் தலைகீழாகவும் அச்சிட்டிருக்கிறார். அச்சுப்பிழை என்று எனக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டாம்.