இரண்டே நிமிஷம் சார்!

கேள்வி: எனக்கு வயது 63. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஐந்து வருடமாகிறது. சென்னையில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் நானும் மனைவியும் இருக்கிறோம். போன வருடம் அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. எதிர் வீட்டில் டியூஷன் எடுக்கிறார்கள். சாயங்காலம் ஆறு மணியானால் பிள்ளைகளை விட வருகிற பெற்றோர் எங்கள் கேட்டை மறித்து வண்டியை நிறுத்தி, ஹேண்டில் லாக்கும் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். கேட்டால் "ரெண்டே நிமிஷம் சார்" என்கிறார்கள். கேட்டுக்கு வெளியே ரோட்டோரமாக நான்கு பூந்தொட்டிகளை வைத்துப் பார்த்தோம். ஒருநாள் ஆத்திரத்தில் ஒரு ஸ்கூட்டியின் காற்றையே பிடுங்கிவிட்டேன். சரி என்று உள்ளே வந்தால், லிஃப்ட் கதவை யாரோ மூடாமல் போயிருப்பார்கள். போன மாதம் திருநெல்வேலிக்கு ரயிலில் போனபோது, இரவு பதினொன்றரைக்கு எதிர் பெர்த்காரர் போனில் காமெடி வீடியோவைச் சத்தமாக வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இவர்களுக்கெல்லாம் காமன் சென்ஸே கிடையாதா? "உங்களுக்கு வயசாகிடுச்சு, அதான் எல்லாத்துக்கும் எரிச்சல்" என்கிறாள் மனைவி. தப்பு என் மேலா?
- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: முதலில் ஒன்று தெரிந்தாக வேண்டும் சார். காற்று இறங்கிய அந்த ஸ்கூட்டி அன்றைக்கு உங்கள் கேட்டை விட்டு எத்தனை மணிக்கு நகர்ந்தது? பக்கத்தில் பஞ்சர் கடை இருந்திருந்தால் தள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். இல்லையென்றால் இரண்டு நிமிஷம் ஒரு மணி நேரமாகியிருக்கும். நகர வேண்டிய வண்டியை நகர முடியாமல் செய்தது நீங்கள்தான். அவர் போலீசுக்குப் போயிருந்தால் வழக்கும் உங்கள் பக்கம் திரும்பியிருக்கும். அதை இனிமேல் செய்யாதீர்கள்.

காமன் சென்ஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் இதை இங்கிதம் என்பார்கள். எதிரில் இருப்பவரின் முகக்குறிப்பைப் பார்த்து நடந்துகொள்வதற்குப் பெயர் அது. ஆனால் உங்கள் கேட்டில் வண்டியைப் பூட்டுகிறவருக்கு எதிரில் ஆளே இல்லை. மூடின கேட்தான் இருக்கிறது. அதற்குள் ஒரு அம்மா வலியோடு படியிறங்கி வந்து ஆட்டோவுக்காக நிற்பார் என்பது அவர் கண்ணில் படவே படாது. நீங்கள் கத்துகிறபோது அவருக்குத் தெரிவது கோபமாக இருக்கிற ஒரு பெரியவர். அந்த முழங்கால் அப்போதும் தெரிவதில்லை.

நான் ஏதோ யோக்கியமாகப் பேசுவதாக நினைக்க வேண்டாம். எங்கள் குடியிருப்பிலும் உங்களுடையதைப் போலக் கம்பிக் கதவு லிஃப்ட்தான். இரண்டு வருடம் முன்பு, மாடி வீட்டம்மாவோடு பேசிக்கொண்டே லிஃப்டிலிருந்து இறங்கினேன். பேச்சு முடியவில்லை. அவர் உள்ளே, நான் வெளியே, கதவை என் கால் தடுத்துக்கொண்டிருக்கிறது. அவர் மருமகளின் சீமந்தத்தில் ஆரம்பித்து கேட்டரிங்காரர் விலை வரைக்கும் போய்விட்டோம். படிக்கட்டில் "டொங், டொங்" என்று சத்தம். கேஸ் போடுகிற பையன் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறி வருகிறான், படி வளைவுகளில் அது கைப்பிடிக் கம்பியில் இடிக்கிறது. உள்ளே இருக்கிற கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்பின் எடை தனியாக அதற்கும் மேல். எங்கள் மாடிக்கு வந்ததும் இறக்கி வைத்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒன்றும் பேசவில்லை, கதவுக்கு நடுவில் இருந்த என் செருப்பை ஒரு தடவை பார்த்தான். அவ்வளவுதான். "தம்பி, ஒரு குரல் குடுத்திருக்கலாமே" என்றேன். "மூணு தடவை பெல் அடிச்சேன்மா" என்றான். எனக்குக் கேட்டிருக்கிறது. ஆனால் அது எனக்கான பெல் என்று தோன்றவில்லை.

யாராவது என்னை உட்காரவைத்து அரை மணி நேரம் பாடம் எடுத்திருந்தால் நான் எதிர்வாதம்தான் பண்ணியிருப்பேன். அந்தச் சட்டையைப் பார்த்த பிறகு பேச வாயில்லை.

உங்கள் லிஃப்ட் விஷயமும் இதேதான். இந்த மாதிரி லிஃப்டில் உள்கதவு, வெளிக்கதவு இரண்டும் முழுசாக மூடினால்தான் கான்டாக்ட் சேர்ந்து மோட்டார் ஓடும். ஒரு விரற்கடை இடைவெளி இருந்தாலும் நகராது. நான்காவது மாடியில் திறந்து போட்டவர் அதற்குள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருப்பார், அவதிப்படுவது கீழே நிற்கிற நீங்கள். யார் செய்தது என்று உங்களுக்கும் தெரியாது, யாருக்குக் கஷ்டம் என்று அவருக்கும் தெரியாது. இதற்கு அசோசியேஷன் மீட்டிங்கில் உபதேசம் செய்து பிரயோசனமில்லை. கதவு திறந்திருந்தால் "தயவுசெய்து கதவை மூடவும்" என்று கத்துகிற ஒரு பெட்டி விற்கிறது. லிஃப்ட் மெக்கானிக்கிடம் சொன்னால் பொருத்திவிடுவார். ராத்திரியில் அது பாடுகிற பாட்டு இன்னொரு தொல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சத்தத்தைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள்.

இப்போது கேட். உங்களிடம் சட்டம் இருக்கிறது. ஒரு இடத்தின் வாசலை அடைத்து வண்டி நிறுத்தக்கூடாது என்று 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளிலேயே வந்துவிட்டது. டிராஃபிக் போலீசிடம் சொல்லலாம், ஒருநாள் வந்து அபராதமும் போடுவார்கள். ஆனால் அவர்களால் தினமும் ஆறு மணிக்கு உங்கள் வாசலில் நிற்க முடியாது. டியூஷன் மிஸ் தினமும் அங்கேதான் இருக்கிறார். நீங்கள் இதுவரை அவரிடம் பேசியதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை, கவனித்தீர்களா? பெற்றோரோடு மட்டும்தான் சண்டை போட்டிருக்கிறீர்கள், அதுவும் அவர்கள் அவசரத்தில் இருக்கும்போது.

காலையில் பத்து, பதினோரு மணிக்கு, பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்து, மனைவியையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவர் பேச வேண்டும், நீங்கள் சும்மா கூட நில்லுங்கள். (கஷ்டம்தான், முயற்சி செய்யுங்கள்.) "மிஸ், செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் பிசியோதெரபிக்குப் போறேன், ஆட்டோ கேட் வரைக்கும் வந்தாத்தான் என்னால ஏற முடியும்" என்று உள்ளதை உள்ளபடி, உங்கள் நாளும் கிழமையும் போட்டுச் சொன்னால் போதும். பெற்றோர் வாட்ஸப் குரூப் கட்டாயம் இருக்கும், அதில் இதைப் போடும்படி மிஸ்ஸிடம் சொல்லுங்கள். வண்டி நிறுத்த வேறு இடமும் நீங்களே சொல்லுங்கள். "இங்கே நிறுத்தாதே" என்று மட்டும் சொன்னால் அவர் அடுத்த வீட்டுக் கேட்டுக்குப் போவார், அந்த வீட்டுக்காரர் எனக்குக் கடிதம் எழுதுவார்.

'நோ பார்க்கிங், மீறினால் காற்று பிடுங்கப்படும்' போர்டு உங்கள் தெருவில் எத்தனை கேட்டில் தொங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். யாரும் படிப்பதில்லை. அதற்குப் பதிலாக, "முழங்கால் ஆபரேஷன் ஆனவர் இந்த வழியாக ஆட்டோ ஏறுகிறார்" என்று பெரிய எழுத்தில் ஒரு அட்டை மாட்டுங்கள். ஒன்றிரண்டு பேர் அப்போதும் நிறுத்துவார்கள். அவர்களுக்கு போலீஸ்.

ரயில்காரர் விஷயத்தில் எனக்கு அவ்வளவு அனுதாபம் இல்லை. இரவு 10 மணிக்கு மேல் சத்தமாகப் பாட்டு வைக்கக்கூடாது, போனில் உரக்கப் பேசக்கூடாது என்று ரயில்வே 2022 ஜனவரியிலேயே உத்தரவு போட்டிருக்கிறது. டிடிஆரிடம் சொல்லலாம், 139-க்குக் கூப்பிடலாம். ஆனால் என் வழி வேறு. வண்டி கிளம்பி, எல்லோரும் இட்லிப் பொட்டலம் பிரிக்கிற நேரத்திலேயே எதிர் பெர்த்காரரிடம் "எந்த ஊர், சார்?" என்று ஆரம்பித்துவிடுவேன். ஊர், பிள்ளைகள், மூட்டுவலி என்று பத்து நிமிஷம் பேசிய ஆளை இரவு பதினொன்றரைக்கு எழுப்பிவிட யாருக்கும் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அப்படியும் வீடியோ ஓடினால், "சார், ஹெட்போன் இருக்கா?" என்று கேட்பதும் சுலபம். என்ன, சில சமயம் அவருடைய மூட்டுவலிக் கதை பத்தரை மணி வரை போகும்.

உங்கள் மனைவி சொன்னது பாதி சரி. வயது காரணம் இல்லை, நேரம் காரணம். வேலையில் இருந்த காலத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்கள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்திருப்பீர்கள். அந்த வருடங்களில் கேட்டில் என்ன நடந்தது, லிஃப்ட் எத்தனை நாள் நின்றது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். கேட்டுப் பாருங்கள், உங்களை விடப் பெரிய பட்டியல் வைத்திருப்பார். அவர் கடிதம் எழுதவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம், அந்த நான்கு பூந்தொட்டிகள். கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஓரமாகத்தானே ஜனங்கள் நடந்து போக வேண்டும்? பள்ளிக்கூடப் பையன்களும், ரேஷன் பை தூக்கி வருகிற பாட்டியும் உங்கள் தொட்டியைச் சுற்றிக்கொண்டு நடுரோட்டில் இறங்கி நடப்பார்கள். உள்ளே இருக்கிற உங்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. வாட்ச்மேனிடம் சொல்லி மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுங்கள். லிஃப்ட் ஓடுகிற நாளாகப் பார்த்து.