சீரியலும் டிஆர்பியும்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: சீரியல்ல கன்னத்துல விழுற ஒரே அறையை மூணு தடவை ஸ்லோமோஷன்ல காட்டுறாங்களே, டிஆர்பிக்காகவா (டிவி ரேட்டிங்) சார்?

பதில்: ஆமாம்மா. எத்தனை பேர் பார்த்தாங்க என்பதோட, எவ்வளவு நேரம் பார்த்தாங்க என்பதும் ரேட்டிங்ல சேருது. அரை மணி ஸ்லாட்ல நூத்துக்கு 20 பேர் ஆளுக்கு 15 நிமிஷம் பார்த்தா ரேட்டிங் 10. அதே 20 பேரை 21 நிமிஷம் உட்கார வெச்சா 14. புது ஆளைப் பிடிக்கிறதைவிட இது சுலபம். அதனாலதான் கதவு திறக்கும், வந்தது யாருன்னு காட்டாம விளம்பரம் போடுவாங்க. திரும்பி வந்ததும் அதே கதவு, வீட்டுல உள்ள எட்டு பேர் முகத்துக்கும் க்ளோசப். ஆனா ரெண்டே மாசத்துல பார்க்கிறவங்க பழகிடுவாங்க. குக்கரை இறக்கிட்டு வந்தாலும் கதை அங்கேயே நிக்கும்னு தெரிஞ்சா, எழுந்து போயிடுவாங்க. நீட்டி வாங்கின நிமிஷம் அங்கே கரைஞ்சுடும்.

கேள்வி: எங்க வீட்டுல டிஆர்பி அளக்கிற மீட்டர் வைக்க யாரைக் கேட்கணும்?

பதில்: கேட்டு வாங்க முடியாது. டிவி ரேட்டிங் கணக்கெடுக்கிற பார்க் (BARC) அமைப்புதான் வீடுகளைத் தேர்ந்தெடுக்கும். வெச்சுத் தர்றேன்னு யாராவது பணம் கேட்டா கொடுக்காதீங்க.

கேள்வி: ப்ரோமோவுக்கு யூடியூப்ல லட்சக்கணக்குல வியூஸ். அப்புறம் ஏன் ஸ்லாட்டை மாத்தினாங்க?

பதில்: அது டிஆர்பியில சேராது. சேனல் ஒலியில பதிச்சிருக்கிற, காதுக்குக் கேட்காத அடையாளமான வாட்டர்மார்க்கை டிவி பக்கத்துல இருக்கிற மீட்டர் பிடிக்கும். யார் பார்க்கிறாங்கன்னு தெரிய, பார்க்கிறவர் மீட்டர் ரிமோட்ல தனக்கான பட்டனை அமுக்கணும்.

கேள்வி: போன்ல பார்க்கிற எங்களுக்கு மதிப்பே இல்லையா?

பதில்: அதுலயும் காசு வருது, மறுக்கலை. ஆனா டிவியில 10 செகண்ட் விளம்பரத்துக்கு விலை பேச பார்க் கணக்குதான் வேணும்.

கேள்வி: நாடு முழுக்க அம்பதாயிரத்துச் சொச்சம் வீட்டை வெச்சு எல்லார் ரசனையும் தெரியுமா? ஏமாத்து வேலை!

பதில்: இல்லை தம்பி. பெரிய சீரியலுக்கு இது போதும். சின்ன சீரியலுக்குத்தான் வாரா வாரம் ஆடும். ஒரு வாரக் கணக்கை வெச்சு முடிவெடுக்காதீங்க, நாலு வாரச் சராசரியைப் பாருங்க. வியாழக்கிழமை வர்றது போன வெள்ளியோட முடிஞ்ச வாரத்தோட கணக்கு. அன்னைக்கே கதை ட்ராக்கை மாத்தினாலும், முன்னாடியே எடுத்து வெச்ச பத்து எபிசோட் (பேங்க்) கையில இருந்தா அது ஓடி முடியணும். மாத்தினதுக்குப் பலன் தெரியறதுக்குள்ள அடுத்த வியாழன் வந்து மறுபடி மாத்துறாங்க. நேத்து அழுத மருமகள் இன்னைக்கு வில்லி ஆகறது இப்படித்தான்.

கேள்வி: எங்க தெருவுலயே யாருக்கும் மீட்டர் இல்லையே?

பதில்: நாடு முழுக்கவே அம்பதாயிரத்துச் சொச்சம் வீடுதான்னு மேலேயே இருக்கு. படிச்சுட்டுக் கேளுங்க.

கேள்வி: குணசேகரனா நடிச்ச மாரிமுத்து இருந்திருந்தா எதிர்நீச்சல் சீரியல் 2024 ஜூன்ல முடிஞ்சிருக்குமா?

பதில்: அதை யாரும் உறுதியாச் சொல்ல முடியாது. 2023 செப்டம்பர் 8-ல அவர் காலமானார், அப்புறம் அந்த வேஷத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். "ஏய், இந்தாம்மா" மாரிமுத்துவோட குரல்ல பிறந்த வசனம். வேற ஆள் வரும்போது அவர் பேச்சுக்கு ஏத்த மாதிரி குணசேகரனைப் புதுசா எழுதணும். அதுக்கு ரெண்டு மாசமாவது பொறுமை வேணும். அங்கேயும் வியாழக்கிழமைக் கணக்கைப் பார்த்து அவசரப்படக் கூடாது.