நேபாளத்தின் பொக்காராவில் பாராகிளைடிங் செல்ல எப்படித் திட்டமிடுவது? குடும்பத்துடன் போக மூன்று நாள் போதுமா?

போதும், ஆனால் பறப்பதைக் கடைசி நாளுக்கு ஒதுக்காதீர்கள். கோயில், குகை, படகு என எல்லாவற்றையும் முடித்துவிட்டு, ஊர் திரும்பும் நாளின் காலையில் பாராகிளைடிங்கைச் செருகுவதே பலரின் வழக்கம் என்பதால், உங்கள் திட்டமும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணி எழுதுகிறேன்.

எங்கள் சுற்றுலா ஏற்பாட்டாளரும் அப்படித்தான் போட்டிருந்தார். நான் பிடிவாதமாக அதை முன்னுக்குக் கொண்டுவரச் செய்தபோது, உடன் வந்த உறவினர்கள் "அண்ணனுக்கு எதற்கு இத்தனை அவசரம்?" என்று கேலி செய்தார்கள். குறித்த காலையில், சுமார் 1,600 மீட்டர் உயரத்திலுள்ள சாரங்கோட் சரிவில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நின்றோம். வானில் மேகமில்லை, 6,993 மீட்டர் உயர மச்சபுச்சரே சிகரம் துலக்கமாகத் தெரிந்தது. ஆனால், கம்பில் கட்டியிருந்த துணிப்பட்டை கீழேயிருக்கும் பேவா ஏரியை நோக்கி ஆடியது. அதாவது, காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்தது. நம்மைத் தூக்கிப் பறக்கும் இறக்கையான பாராகிளைடரின் துணி எதிர்க்காற்றில்தான் ஒழுங்காக நிமிர்ந்து எழும். பின்காற்றில் எவ்வளவு ஓடினாலும் அது தூக்குவதற்குள் சரிவு தீர்ந்துவிடலாம். வெயில் ஏறிச் சரிவு சூடானதும் காற்று கீழிருந்து மேலே வீசத் தொடங்குவது வழக்கம். அன்று அது நடக்கவில்லை. எங்களுடன் சேர்ந்து பறக்கவிருந்த பைலட் அந்தப் பட்டையையே நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, பாராகிளைடர் துணியைச் சுருட்டிப் பைக்குள் திணித்தார். "பணம் கட்டியிருக்கிறோமே" என்று எங்களில் ஒருவர் அவரிடம் சண்டைக்குப் போனதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. மாட்டேன் என்று சொல்லத் தெரிந்த பைலட்டை நம்பித்தான் ஏற வேண்டும்.

மறுநாள் பறந்தோம். திட்டத்தில் மறுநாள் என்று ஒன்று மிச்சமிருந்ததே காரணம். பைலட் சொல்லும்வரை ஓடிக்கொண்டே இருங்கள். கால் தரையை விட்டு எழுமுன் இருக்கையில் உட்கார முயல்வதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

ஒரே நாளில் போய்ப் பறந்து வந்தவர்கள் இதை மறுக்கக்கூடும்; அவர்களுக்குக் காற்று இசைந்தது, மகிழ்ச்சி. அக்டோபர், நவம்பரில் அப்படி இசைவதற்கு வாய்ப்பு அதிகம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். மார்ச், ஏப்ரலில் பெரும்பாலும் புகைமூட்டம் சிகரங்களை மறைத்துவிடும். குமட்டல் வரும் உடம்பென்றால் காலையிலேயே பறந்துவிடுங்கள், நண்பகலில் வெப்பக்காற்று தூக்கிப் போடும்.

இந்தியக் குடிமக்களுக்கு விசா தேவையில்லை. பெரியவர்கள் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை கொண்டுபோக வேண்டும், ஆதாரை நம்பிக் கிளம்ப வேண்டாம். சாகச விளையாட்டுகளை விலக்கிவைக்கும் பயணக் காப்பீடுகள் பல உண்டு என்பதால், பாலிசியைப் படித்துப் பாருங்கள். வானிலையால் பறக்க முடியாவிட்டால் பணம் திரும்ப வருமா, நாள் மாற்றித் தருவார்களா என்பதை முன்பதிவின்போதே எழுத்தில் வாங்குங்கள். எங்கள் ஏற்பாட்டாளர், வாய்மொழியாகத் தந்த உறுதி எதுவும் தமக்கு நினைவில்லை என்று பிறகு சாதித்துவிட்டார்.