மதிலை இடிக்கும் முன்: வரிசை வீட்டு வாசலில் இரண்டு கார்

கேள்வி: சிங்கப்பூரில் சிலேத்தார் ஹில்ஸ் வட்டாரத்தில் எங்களுடையது நடு வரிசை வீடு. வீட்டு அகலம் 6 மீட்டர். மதிலிலிருந்து வீட்டுச் சுவர்வரை 7.5 மீட்டர். இப்போது ஒரு கார்தான் உள்ளே நிற்கிறது. மகன் மின்சாரக் கார் எடுத்திருக்கிறான். முன்பக்க மதிலை இடித்து கேட்டை அகலமாக்கி, மண்தரைக்கு டைல்ஸ் போட்டுவிட்டால் இரண்டும் நின்றுவிடும், யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்கிறார் கட்டுமான வேலை எடுத்துச் செய்யும் குத்தகையாளர். இன்னொரு தொல்லை: பக்கத்து வீட்டுக்காரர் தம் வாசலுக்கு எதிரே சாலையில் பூந்தொட்டியும் கூம்பும் வைத்து இடம் பிடிக்கிறார். எதிர்வீட்டு லாரி வேறு இரவெல்லாம் நிற்கிறது. நாங்களும் எங்கள் வாசலுக்கு முன்னால் இடம் பிடித்துக்கொள்ளலாமா? என்ன செய்யலாம்?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிடித்துக்கொள்ள முடியாது. உங்கள் கேட்டுக்கு வெளியே உள்ள சாலை பொதுச் சாலை. நீங்கள் கட்டும் சொத்து வரியில் அது சேராது. உள்ளே இரண்டு கார் நிறுத்த வழி இருக்கலாம். ஆனால் அதைத் தீர்மானிக்கப்போவது கண்ணுக்குத் தெரியும் மதில் அல்ல, வரைபடத்தில் இருக்கும் ஒரு கோடு. குத்தகையாளருக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. கொடுக்கவில்லையென்றால் இரண்டு வாரம் பொறுங்கள்.

அந்தக் கோட்டுக்கு சாலைக் கோடு என்று பெயர். எதிர்காலத்தில் சாலையை அகலப்படுத்தவும் நடைபாதை போடவும் எவ்வளவு நிலம் வேண்டும் என்பதை நிலப் போக்குவரத்து ஆணையம் வரைந்து வைத்திருக்கிறது. பழைய தனியார் பேட்டைகளில் பல வீடுகளின் மதில் அந்தக் கோட்டைத் தாண்டி வெளியே நிற்கும். கட்டியபோது அது சரியாகத்தான் இருந்திருக்கும், பிறகு கோடு உள்ளே வந்திருக்கும். பழைய மதிலை யாரும் வந்து இடிக்கச் சொல்வதில்லை. ஆனால் நீங்களாக இடித்துப் புதிதாகக் கட்டப் போனால் கோடுதான் எல்லை. நான்கு வீடு தள்ளி ஒருவர் வீட்டை இடித்துக் கட்டியபோது அவருடைய புது மதில் உங்கள் மதிலைவிட ஏறத்தாழ ஒரு மீட்டர் உள்ளே போய்விட்டது என்று கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். உங்கள் மனையையும் கோடு வெட்டுகிறது என்பதற்கு அது நல்ல அறிகுறி.

சிங்கப்பூர் நில ஆணையத்தின் இன்லிஸ் இணையச் சேவையில் உங்கள் முகவரிக்கான சாலைக் கோட்டு வரைபடத்தைக் கட்டணம் செலுத்தி வாங்கலாம். கூடவே வடிகால் விளக்க வரைபடத்தையும் வாங்கிவிடுங்கள். அது எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

இப்போது அளவுநாடாவை எடுப்போம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிப்படி ஒரு கார் நிறுத்துமிடம் குறைந்தது 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். இரண்டு இடத்துக்கு 4.8 மீட்டர் அகலம். உங்களிடம் 6 மீட்டர் இருக்கிறது. காகிதத்தில் பொருந்திவிட்டது, குத்தகையாளர் சொல்வதும் இதைத்தான். தரையில் கதை வேறு. இரு பக்கத்துச் சுவர்களின் பருமன் போக நிகர அகலம் 5.8 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் ஒன்று 1.8 மீட்டர். இரண்டு கார் போக மிஞ்சுவது 2.2 மீட்டர். அதை மூன்று சந்துகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கதவைத் திறந்து ஒருவர் இறங்கலாம். அரிசி மூட்டையோடு இறங்க முடியாது. செருப்பு அலமாரி, குப்பைத் தொட்டி, துளசி மாடம் எதையும் பக்கச் சுவரோரம் வைக்கக் கூடாது. மாமியார் சக்கர நாற்காலி பயன்படுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு காரும் உள்ளே நிற்கும்போது அந்த நாற்காலி வாசலிலிருந்து சாலைக்கு வராது. ஆம்புலன்ஸ் வந்தால் முதலில் காரை எடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டாவது காரை உள்ளே கொண்டுவருவதை மறுபடி யோசிப்பேன். முடிவு உங்கள் குடும்பத்தினுடையது.

அகலத்தைவிடச் சிக்கல் ஆழத்தில்தான். கேட் சாலைப் பக்கம் திறக்கக் கூடாது, உள்பக்கமாகத்தான் திறக்க வேண்டும். இரண்டு கார் நுழைய ஏறத்தாழ 5 மீட்டர் திறப்பு தேவை. இரட்டைக் கதவு என்றால் ஒவ்வொரு கதவும் 2.5 மீட்டர். அது உள்ளே சுழன்று வர 2.5 மீட்டர் ஆழம் காலியாக இருக்க வேண்டும். கார் 4.6 மீட்டர். கூட்டினால் 7.1. உங்கள் 7.5 மீட்டரில் மயிரிழையில் பொருந்துகிறது. சாலைக் கோடு ஒரு மீட்டரைத் தின்றுவிட்டால் மிச்சம் 6.5, கார் நிற்கையில் கேட் மூடாது. பக்கவாட்டில் நகரும் கேட் போடலாமே என்றால், 5 மீட்டர் கதவு ஒதுங்க இன்னொரு 5 மீட்டர் சுவர் வேண்டும், வீடே 6 மீட்டர்தான். ஆகவே வரிசை வீட்டுக்காரர்கள் பலர் மடங்கும் ஆட்டோ கேட்டுக்குப் போகிறார்கள். நான்கு மடிப்பு என்றால் ஒரு மடிப்பு 1.25 மீட்டர், ஆழம் பாதியாகக் குறைந்துவிடும். விலை கூடுதல், பராமரிப்பும் கூடுதல். ஆனால் உங்கள் மனைக்கு வேறு கதவு பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கூரையையும் நீட்டப்போகிறீர்களா? கார் போர்ச் சாலைக் கோட்டிலிருந்து 2.4 மீட்டர் உள்ளே தள்ளி இருக்க வேண்டும் என்பது நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதி. கேட்டிலிருந்து அல்ல, கோட்டிலிருந்து. கோடு ஒரு மீட்டர் உள்ளே இருந்தால் 4.1 மீட்டருக்குத்தான் போர்ச் கிடைக்கும், காரின் பின்புறம் மழையில் நனையும். அக்கம்பக்கத்தில் கேட்வரை கூரை போட்டிருக்கிறார்களே என்று காட்டாதீர்கள். அவர்கள் எப்போது, எந்த அனுமதியில் போட்டார்கள் என்பது நமக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதிகாரியிடம் அது செல்லாது.

அடுத்தது வடிகால். அனுமதி தேவையில்லை என்ற குத்தகையாளரின் பேச்சு உடைவது இங்கேதான். உங்கள் கேட்டுக்கும் தார்ச்சாலைக்கும் இடையே ஓடும் கால்வாய் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பு. இப்போது அதன்மேல் ஒரு கார் அகலத்துக்குக் கான்கிரீட் பாலம் இருக்கும். கேட் 5 மீட்டர் ஆனால் பாலமும் 5 மீட்டர் ஆக வேண்டும். அதாவது பொது வடிகாலை இன்னும் கொஞ்சம் மூடுகிறீர்கள். கழகத்தின் ஒப்புதல் இல்லாமல் அதில் கைவைக்கக் கூடாது. சுத்தம் செய்ய வழி விட வேண்டும், நீரோட்டம் குறையக் கூடாது, தண்ணீர் தேங்கிக் கொசு பெருகக் கூடாது. வடிகால் விளக்க வரைபடம் வாங்கச் சொன்னது இதற்குத்தான். அந்தக் கால்வாய்க்கு என்று ஒதுக்கிய இடம் எவ்வளவு என்பது அதில் தெரியும். பாலத்துக்கு அப்பால் சாலையோரக் கல்லைத் தாழ்த்த வேண்டியிருந்தால் அது சாலைப் பணி, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். அந்தப் பணியை ஆணையத்தின் நிலையான வரைபட அளவுகளின்படிதான் செய்ய வேண்டும், குத்தகையாளரின் கைப்பழக்கத்துக்குச் செய்யக் கூடாது. மண்தரையை மூடி டைல்ஸ் போட்டால் இதுவரை மண் குடித்த மழைநீர் முழுவதும் வாசலுக்கு ஓடிவரும். கேட்டை ஒட்டி உள்பக்கம் கம்பி மூடியிட்ட குறுக்குக் கால்வாய் ஒன்று வைக்கச் சொல்லுங்கள், தண்ணீர் சாலையில் வழியக் கூடாது.

ஆகவே குத்தகையாளரை அழைப்பதற்குமுன் ஒரு கட்டடக் கலைஞரையோ தொழில்முறைப் பொறியாளரையோ பாருங்கள். நம் ஊரில் கியூபி (தகுதிபெற்ற நிபுணர்) என்பார்களே, அவர்தான். எந்தெந்த அமைப்பிடம் எதைச் சமர்ப்பிக்க வேண்டும், எது தேவையில்லை என்று எழுத்தில் கேளுங்கள். சாலையோரப் புல்தரையில் மரம் இருந்தால் அதையும் காட்டுங்கள். அது தேசியப் பூங்காக் கழகத்தின் மரம். கேட்டை விரிக்க அதை வெட்டலாம் என்று கணக்குப் போட வேண்டாம், கேட்டைத்தான் நகர்த்த வேண்டிவரும்.

இனி தெருச் சண்டை. பூந்தொட்டி, கூம்பு, பழைய நாற்காலி எதுவானாலும் பொதுச் சாலையில் வைத்து இடம் பிடிப்பது சட்டப்படி குற்றம். அரசாங்கத்தின் ஒன்சர்வீஸ் புகார்ச் செயலியில் படத்தோடு புகார் கொடுக்கலாம். ஆனால் முதல் வேலையாக அதைச் செய்யச் சொல்லமாட்டேன். வரிசை வீட்டில் இரு பக்கமும் சுவரைப் பகிர்ந்துகொண்டு வாழ்கிறோம், தீபாவளிக்குப் பலகாரத் தட்டும் சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் போய்வருகின்றன. "அண்ணே, என் மாமியாருக்கு ஆம்புலன்ஸ் வந்தால் இந்தத் தொட்டி இடைஞ்சலாக இருக்கும்" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். கேட்கவில்லையென்றால் செயலி இருக்கவே இருக்கிறது. பதிலுக்கு நீங்களும் ஒரு தொட்டி வைத்தால் இரண்டு வீட்டுக்கும் அறிவிப்பு வரும்.

சாலையில் நிறுத்தும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஒற்றை மஞ்சள் கோடு என்றால் திங்கள் முதல் சனிவரை காலை 7 மணியிலிருந்து மாலை 7 மணிவரை நிறுத்தக் கூடாது. ஞாயிறும் பொது விடுமுறையும் விலக்கு. இரட்டை மஞ்சள் கோட்டில் எந்நேரமும் கூடாது. பலருக்குத் தெரியாதது சாலை நடுவே ஓடும் தொடர் வெள்ளைக் கோடு. அது இருந்தால் இரண்டு ஓரத்திலும் எந்நேரமும் நிறுத்தத் தடை, ஓரத்தில் மஞ்சள் கோடு இல்லாவிட்டாலும்கூட. சந்திப்பிலிருந்து 6 மீட்டருக்குள் நிறுத்துவதும் தவறு. மற்றவர் வாசலை மறிப்பதைச் சொல்லவே வேண்டாம்.

தெருவில் மஞ்சள் கோடு போடச் சொல்லி நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்கலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேட்கலாம். 6 மீட்டர் அகலத் தெருவில் இரு ஓரமும் கார் நின்றால் நடுவே மிஞ்சுவது இரண்டரை மீட்டர்கூட இல்லை. தீயணைப்பு வண்டிக்கு அது போதாது. இதைச் சொல்லி ஒரு பக்கத்துக்கு மட்டும் கோடு கேட்பது நியாயமான வேண்டுகோள். ஆனால் கோடு எந்தப் பக்கம் விழும் என்று உங்களால் சொல்ல முடியாது. உங்கள் வாசல் பக்கமே விழுந்துவிட்டால் மகனின் கார் சாலையிலும் நிற்க முடியாது. கேட்பதற்குமுன் தெருவில் நான்கு வீட்டில் பேசிவிடுங்கள்.

எதிர்வீட்டு லாரிக்கு வருவோம். லாரியின் பக்கவாட்டில் எம்.எல்.டபிள்யூ. என்று ஓர் எண் எழுதியிருக்கும். சரக்கோடு சேர்த்து அதிகபட்ச எடை அது. 5,000 கிலோவைத் தாண்டினால் அந்த வண்டிக்கு வாகன நிறுத்தச் சான்றிதழ் கட்டாயம், இரவில் அதற்கென்று ஒதுக்கப்பட்ட கனரக வாகன நிறுத்துமிடத்தில்தான் நிற்க வேண்டும். குடியிருப்புத் தெருவில் நின்றால் புகார் கொடுக்கலாம். கேட்டரிங் வேலைக்கு ஓடும் 10 அடி லாரி பெரும்பாலும் அந்த எடைக்கு உட்பட்டது. அதற்கும் உங்கள் காருக்கும் சாலையில் ஒரே உரிமைதான்.

உங்கள் கொழுந்தனார் வாங்கும் புதுக் கொண்டோவில் வீட்டுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்காதாமே என்று வியந்திருக்கிறீர்கள். அது கட்டுநரின் கஞ்சத்தனம் மட்டுமல்ல. 2019 பிப்ரவரி முதல் புதுக் கட்டடங்களின் கார் நிறுத்துமிடங்களுக்குக் கீழ் வரம்பு, மேல் வரம்பு என்று இரண்டு எண் உண்டு. அவை மண்டலத்துக்கு மண்டலம் மாறும். நகர மையமும் மரினா பேயும் முதல் மண்டலம். ரயில் நிலையங்களிலிருந்து 400 மீட்டருக்குள் இருப்பது இரண்டாவது. மீதித் தீவு மூன்றாவது. கம்போங் பூகிஸ், ஜூரோங் ஏரி வட்டாரம் போன்ற கார் குறைந்த பகுதிகள் நான்காவது, அங்கே ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியாக முடிவு செய்கிறார்கள். ரயிலுக்கு அருகே போகப் போக வரம்பு குறையும். சிஓஇ என்ற வாகன உரிமைச் சான்றிதழ் முறையில் கார்களுக்கான வளர்ச்சி விகிதத்தையே 2018இல் பூச்சியமாக்கிய ஊர் இது. கார் நிறுத்துமிடம் பெருகும் என்று எதிர்பார்த்து அவர் வாங்க வேண்டாம். விற்பனையாளரிடம் மொத்த வீடு எத்தனை, மொத்த இடம் எத்தனை என்ற இரண்டு எண்ணையும் கேட்டுக்கொள்ளட்டும்.

மகனின் மின்சாரக் காரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கார்தான் உள்ளே நிற்க வேண்டும். பழைய கார் சாலையில் நிற்கலாம். மின்னூட்டக் கம்பியை நடைபாதைமேல் இழுத்துக்கொண்டு போகும் வழக்கம் வேண்டவே வேண்டாம், ஒருவர் தடுக்கி விழுந்தால் பொறுப்பு உங்கள் தலையில். மின்வாகன மின்னூட்டச் சட்டம் 2023 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. வீட்டில் பொருத்தும் மின்னூட்டக் கருவிக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதலும் பதிவும் வேண்டும், உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் பொருத்த வேண்டும். வழக்கமான 7.4 கிலோவாட் கருவி 32 ஆம்பியர் இழுக்கும். பழைய வீட்டின் மின் இணைப்பு அதையும் நான்கு குளிரூட்டிகளையும் ஒரே இரவில் தாங்குமா என்று மின்பணியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். கேட் வேலைக்கு வாசலைத் தோண்டும்போதே கம்பிக்கான குழாயையும் புதைத்துவிட்டால், போட்ட டைல்ஸை மறுபடி உடைக்க வேண்டியிராது.