ஆறு மாதம் தாண்டினால் கை வராதா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. நடக்கிறார். வலது கையைத் தோள் வரை தூக்குகிறார், விரல்களைப் பாதி விரிக்கிறார். ஆனால் சாப்பிடுவது முதல் சட்டை போடுவது வரை எல்லாம் இடது கையால்தான். ஆறு மாதம் தாண்டினால் கை வராது என்று சொல்லி, ஒருவர் 45,000 ரூபாய்க்கு அதிர்வு மெஷின் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முதல் மூன்று மாதம் வேகமாகத் தேறும், அப்புறம் மெதுவாகும். அதைத்தான் இவர்கள் 'கெடு' என்று சொல்லி விற்கிறார்கள். 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்களின் நல்ல கைக்கு உறை மாட்டி, இரண்டு வாரம் பாதித்த கையாலேயே வேலை செய்யவைத்தார்கள். கிடைத்த பலன் ஓராண்டு கழித்தும் இருந்தது.

அப்பாவுக்கு இப்போது கையில் இருக்கும் பலம்கூடப் புழக்கத்தில் இல்லை. இடது கை முந்திக்கொள்கிறது. நீங்களும் பாசத்தில் ஊட்டிவிடாதீர்கள். பல் துலக்கும்போது பேஸ்ட் டியூபை வலது கை பிடிக்கட்டும், மூடியை இடது கை திறக்கட்டும். துண்டு மடிக்கட்டும், தாழ்ப்பாள் போடட்டும். இட்லியை வலது கையால் பிய்க்கட்டும். ரசம் சாதம் பிறகு பார்க்கலாம். சிந்தும், நேரமாகும், பக்கத்தில் நின்று பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்மைலி பந்தை அமுக்கச் சொல்லாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு விரல்களை மூடுவது வந்துவிடும், விரிப்பதுதான் வராது. மேசையில் கிடக்கும் கைக்குட்டையை எடுத்து, எடுத்ததைக் கீழே விடவும் பழகட்டும்.

உறை விஷயத்தில் ஒன்று. விரல் துளிகூட விரியாதவருக்கு நல்ல கையைக் கட்டிவைப்பது வெறும் வதை. மணிக்கட்டு கொஞ்சமாவது மேலே எழ வேண்டும், விரல்கள் கொஞ்சமாவது விரிய வேண்டும். அப்பாவுக்கு விரிகிறது என்கிறீர்கள். ஆனாலும் பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்லாமல் கட்டாதீர்கள். கட்டினாலும் நடக்கும்போதும் குளிக்கும்போதும் கழற்றிவிடுங்கள். தடுமாறினால் பிடித்துக்கொள்ள அந்தக் கைதான் இருக்கிறது.

மெஷின்காரரை அனுப்பினால் அடுத்து எண்ணெய்க்காரர் வருவார், புறா ரத்தம் பூசச் சொல்பவர் வருவார், ஸ்டெம் செல் ஊசிக்கு லட்சங்களில் பேசும் ஏஜென்ட் வருவார். வீட்டுக்கு வரும் 'தெரபி பேக்கேஜ்' ஆட்களிலும் சிலர், அப்பா டிவி பார்க்க, இருபது நிமிடம் கையை ஆட்டிவிட்டுக் காசு வாங்கிப் போவார்கள். கை தானாக முயற்சி செய்யாத அந்த இருபது நிமிடத்தில் அவர் எதையும் பழகுவதில்லை.

இவர்கள் பிழைப்பதற்குக் காரணம் டிஸ்சார்ஜ் சீட்டு. 'பிசியோதெரபி தேவை' என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுகிறார்கள். எங்கே, யாரிடம், எத்தனை நாள் என்று யாரும் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து தரும் பிசியோதெரபி கேட்டுப் பதிவு செய்யுங்கள், இலவசம். தினமும் வரமாட்டார்கள். வரும் நாளில் மீதி நாட்களுக்கான பயிற்சியை எழுதி வாங்குங்கள்.

அப்பாவை எழுப்பும்போது அந்த வலது கையைப் பிடித்து யாரும் இழுக்கக் கூடாது, தோள் நழுவிவிடும். தோளில் வலியோ கையில் வீக்கமோ வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.