ஜாடியின் உள் விட்டம் எவ்வளவு? – சோயா மெழுகுவர்த்தி கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை திரியைப் பற்றியவை. பதிலுக்குப் போகுமுன் ஒரு வேண்டுகோள், போன முறையும் சொன்னதுதான். எழுதும்போது ஐந்து விவரங்கள் வேண்டும்: ஜாடியின் உள் விட்டம், மெழுகின் பெயர், வாசனை எண்ணெய் எத்தனை சதவீதம், திரியின் வரிசையும் எண்ணும் ("சிடி 8" என்றால் சிடி என்பது வரிசை, அதாவது திரியின் வகை; 8 என்பது அந்த வரிசையில் அதன் அளவு), ஊற்றி எத்தனை நாள் கழித்து ஏற்றினீர்கள் என்பது. இவை இல்லாத கடிதத்துக்கு யாராலும் உருப்படியான பதில் தர முடியாது.

கோவை வாசகி: 8 செ.மீ. உள் விட்டமுள்ள ஜாடி, 8 சதவீத வாசனை, சிடி 8 திரி. நடுவில் மட்டும் குழி விழுந்து திரி கீழே போய்விடுகிறது. ஓரத்தில் விரல் தடிமனுக்கு மெழுகு அப்படியே நிற்கிறது.

கேட்டால் இப்படிக் கேட்க வேண்டும். உங்கள் திரி சின்னது. சிடி 8 ஒரு 6 செ.மீ. ஜாடிக்குப் போதும், 8 செ.மீ.க்குப் போதாது. 12, 14 இரண்டையும் தனித்தனி ஜாடியில் ஊற்றி, இரண்டு வாரம் ஆறவிட்டு எரித்துப் பாருங்கள். வாசனையையும் மெழுகையும் தொடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் முறை ஏற்றும்போது அரை மணியில் அணைத்துவிட்டால் சரியான திரிகூடக் குழி போடும். சோயா மெழுகு முதலில் எதுவரை உருகியதோ, அடுத்த முறையும் அந்த வட்டத்துக்குள்ளேயே உருகப் பார்க்கும். விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஜாடிக்குச் சுமார் 3 மணி. முதல் தடவையே சுவர்வரை முழுக்க உருகிவிட வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பாதிக்குக் கீழே போனதும் ஜாடிக்குள் சூடு தேங்கும், ஓரத்தில் ஒட்டியிருப்பது தானாக இறங்கும். ஒரே மணி நேரத்தில் சுவரைத் தொடுகிற திரி, அடிப்பகுதிக்கு வரும்போது அளவுக்கு மீறிச் சுடும்.

குழி விழுந்ததை வீணாக்க வேண்டாம். ஜாடி வாயை அலுமினியத் தாளால் மூடி, நடுவில் மட்டும் அகலமாகத் துளை விட்டு, பக்கத்திலேயே இருந்து ஒரு மணி நேரம் எரியுங்கள். ஓரத்து மெழுகு இறங்கிவிடும்.

பெயர், ஊர் இல்லாத கடிதம்: கேண்டில் சரியா எரியல. என்ன காரணம்? ஆர்டர் இருக்கு, அவசரம்.

"சரியா எரியல" என்றால் அணைகிறதா, புகைகிறதா, குழி விழுகிறதா? மேலே கேட்ட ஐந்து விவரங்களில் ஒன்றுகூட இல்லை. ஊகித்துப் பதில் சொல்லி உங்கள் மெழுகை வீணாக்க நான் தயாரில்லை. அந்த ஆர்டரை அனுப்பாதீர்கள். உங்களுக்கே எரியாத ஒன்றை இன்னொருவர் வீட்டு மேசையில் கொண்டுபோய் வைப்பது தவறு.

ஈரோடு வாசகர்: 7 செ.மீ. டம்ளர், 200 மி.லி. கடையில் "6 இன்ச் சோயா திரி" 100 எண்ணம் வாங்கினேன். முதல் பாக்கெட் அருமையாக எரிந்தது. அதே கடையில் வாங்கிய இரண்டாவது பாக்கெட்டில் சுடர் உயரமாக எழும்பி, டம்ளரைத் தொட முடியவில்லை. நான் செய்ததில் எந்த மாற்றமும் இல்லை.

உங்கள் மேல் தவறில்லை. பாக்கெட்டில் எழுதியிருப்பது திரியின் நீளம். ஒரு திரி எப்படி எரியும் என்பதற்கும் அதன் நீளத்துக்கும் சம்பந்தமே இல்லை. 6 அங்குலத் திரியை 3 அங்குலமாக வெட்டினாலும் அதே சுடர்தான் வரும். எத்தனை நூல் சேர்த்துப் பின்னியது, எவ்வளவு நெருக்கமாகப் பின்னியது, உள்ளே காகித இழை இருக்கிறதா, இவைதான் சுடரைத் தீர்மானிக்கும். அதைச் சொல்லத்தான் வரிசையும் எண்ணும் இருக்கின்றன: சிடி 10, ஈகோ 8, எச்டிபி 104 என்று. நம் ஊரில் பல கடைகள் இந்த எண்ணைப் போடுவதே இல்லை. "4 இன்ச், 6 இன்ச், 8 இன்ச்" என்று துணி அளப்பதுபோல் விற்கிறார்கள். கேட்டால் "எல்லாம் சோயா திரிதான், நல்லா எரியும்" என்கிறார்கள். இதைப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

எனக்கே இது நடந்தது. தொழிலின் ஆரம்பத்தில் ஒரு கடையில் வாங்கிய முதல் பாக்கெட்டை ஒழுங்காகச் சோதித்து, முடிவை எழுதிவைத்து, அதை நம்பி இரண்டாவது பாக்கெட்டில் நாற்பது மெழுகுவர்த்தி ஊற்றினேன். விற்றுவிட்டேன். வாங்கிய ஒருவர் வீட்டில் டம்ளர் விரிசல் விட்டது. நல்லவேளை, அவர் பக்கத்திலேயே இருந்து தட்டை வைத்து மூடிவிட்டார். மீதி எல்லாவற்றையும் திரும்ப வாங்கி மெழுகைச் சுரண்டி எடுத்தேன். இரண்டு பாக்கெட் திரியையும் வெந்நீரில் போட்டு மேல்பூச்சை நீக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இரண்டாவது கண்ணுக்கே தெரிகிற அளவுக்குத் தடிமன். உறையில் மட்டும் ஒரே எழுத்து.

அதனால் இப்படிச் செய்யுங்கள். வரிசையும் எண்ணும் எழுதிய திரியாகத் தேடி வாங்குங்கள். ஒரு திரிக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூடப் போகும், போகட்டும். எண் இல்லாத திரிதான் கிடைக்கிறது என்றால் முதலில் பத்து மட்டும் வாங்கிச் சோதியுங்கள். ஒத்துவந்தால் அதே கட்டிலிருந்து மொத்தமாக எடுத்துவிடுங்கள். புதுப் பாக்கெட் வந்தால் வெந்நீர்ச் சோதனை செய்து பழைய திரியோடு ஒப்பிடுங்கள், பிறகு ஒரே ஒரு ஜாடி ஊற்றி அடிவரை எரியுங்கள். அதற்குப் பிறகுதான் ஆர்டர்.

உங்கள் 7 செ.மீ. டம்ளருக்குச் சிடி 10, 12 இரண்டில் தொடங்கலாம். ஈகோ என்றால் 8. ஒரு வரிசையின் 10 இன்னொரு வரிசையின் 10 ஆகாது, எண்ணை மட்டும் பார்த்து வரிசை மாறாதீர்கள். கடைக்காரர் தரும் அட்டவணை எங்கே தொடங்கலாம் என்றுதான் சொல்லும். அப்புறம், அந்தக் கண்ணாடி சூடு தாங்குகிற கண்ணாடிதானா என்றும் பாருங்கள். தண்ணீர் குடிக்கிற மெல்லிய டம்ளர் இதற்கு ஆகாது.

மதுரை வாசகி: வீட்டு விளக்குக்குப் போடும் பஞ்சுத் திரியையே போடலாமா?

கூடாது. அகலில் திரி படுத்தபடி இருக்கிறது, எண்ணெய் எப்போதும் தயாராக இருக்கிறது. கருகினால் தூண்டிவிட நீங்கள் இருக்கிறீர்கள். மெழுகுவர்த்தியில் திரி தானே நிற்க வேண்டும், தன் சூட்டில் மெழுகை உருக்கி அதைத் தானே உறிஞ்ச வேண்டும், கருகின நுனியையும் தானே எரித்துத் தீர்க்க வேண்டும். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் மெழுகுவர்த்திக்கும் முறுக்கிய திரிதான் போட்டார்கள். அதன் கருகிய நுனியை அடிக்கடி கத்தரித்துவிட ஆள் வேண்டியிருந்தது. 1820களில் பிரான்சில் கம்பாசெரெஸ் என்பவர் பின்னல் திரியைக் கொண்டுவந்தார். பின்னியதால் நுனி ஒருபக்கம் வளைந்து சுடரின் ஓரத்துக்குப் போகிறது. அங்கேதான் காற்று கிடைக்கிறது, நுனி சாம்பலாகிவிடுகிறது. நீங்கள் திரிக்கும் பஞ்சுத் திரி வளையாது, சோயா மெழுகில் சாய்ந்து மூழ்கிவிடும்.

சென்னை வாசகர்: திரி நுனியில் கறுப்பு மொட்டு கட்டுகிறது. ஜாடி வாய் முழுக்கக் கரி. திரி சிடி 16, ஜாடி 7 செ.மீ., வாசனை 12 சதவீதம்.

கேள்வியிலேயே பதில் இருக்கிறது. உங்கள் ஜாடிக்குத் திரி பெரியது, மெழுகுக்கு வாசனை அதிகம். எரிக்க முடிகிற அளவுக்கு மேல் எண்ணெயைத் திரி இழுக்கிறது, மீதி கரியாக நுனியில் தங்குகிறது. முதலில் வாசனையை 8 சதவீதத்துக்கு இறக்குங்கள்: 200 கிராம் மெழுகுக்கு 16 கிராம். கிராம் என்றால் தராசில் வைத்த கிராம், மூடிக் கணக்கோ சொட்டுக் கணக்கோ ஆகாது. அது சரியானபின் திரியை இறக்குங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது குணப்படுத்தியது என்று தெரியாமலே போகும்.

ஒவ்வொரு முறை ஏற்றும்முன்னும் திரியை 5 அல்லது 6 மி.மீ.க்குக் கத்தரிக்க வேண்டும். ஆறியபின் கத்தரியுங்கள், துணுக்கை மெழுகில் விழவிடாதீர்கள். கரி ஜாடியின் ஒரே பக்கம் மட்டும் படிந்தால் திரியைத் திட்டாதீர்கள், மின்விசிறியை நிறுத்துங்கள்.

திருச்சி வாசகி: மகளின் மெழுகு கிரேயானை உருக்கி நிறம் போட்டேன். அழகாக வந்தது. ஆனால் பத்து நிமிடத்தில் சுடர் சுருங்கி அணைகிறது.

கிரேயானின் நிறப்பொடி மெழுகில் கரையாது. திரியின் இழைகளுக்குள் போய் அடைத்துக்கொள்ளும், மெழுகு மேலே ஏற வழியில்லாமல் போகும். மெழுகுவர்த்திக்கென்று விற்கும் சாயத்தை வாங்குங்கள். அதிலும் அடர்ந்த நிறத்துக்குத் திரியை ஓர் எண் கூட்ட வேண்டி வரலாம்.

தஞ்சாவூர் வாசகி: வாசனைக்காகப் பன்னீர் கலந்தேன். படபடவென்று வெடித்துத் தெறிக்கிறது.

பன்னீர் என்பது தண்ணீர். மெழுகில் கலக்காது, திரியில் ஏறிச் சூட்டில் ஆவியாகித் தெறிக்கும். அந்த மெழுகுவர்த்தியை இனி ஏற்ற வேண்டாம். தீ பிடித்த மெழுகின்மேல் தண்ணீர் ஊற்றுவது இதைவிடப் பல மடங்கு ஆபத்து. எப்போதும் தட்டாலோ மூடியாலோ மூடித்தான் அணைக்க வேண்டும்.

சேலம் வாசகர்: மரத் திரி போட்டேன். ஏற்றினால் இரண்டு நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. 5 மி.மீ. விட்டிருக்கிறேன்.

மரத் திரிக்கு அது உயரம். 3 மி.மீ.க்கு இறக்குங்கள். மரம் மெழுகை அவ்வளவு உயரம் இழுக்காது. கருகின பகுதியை விரலால் கிள்ளினாலே உதிர்ந்துவிடும். ஏற்றும்போது ஒரு மூலையில் மட்டும் நெருப்பு வைக்காமல், சாய்த்துப் பிடித்து அகலம் முழுக்கப் பற்றவிடுங்கள். அப்படியும் அணைந்தால் அகலமான திரிக்கு மாறுங்கள்.

புதுச்சேரி வாசகி: 11 செ.மீ. கிண்ணம். சிடி வரிசையில் கிடைத்த மிகப் பெரிய திரியைப் போட்டும் ஓரம் உருகவில்லை.

9, 10 செ.மீ.க்கு மேல் போனால் ஒற்றைத் திரியோடு மல்லுக்கட்டாதீர்கள். இரண்டு சின்னத் திரி போடுங்கள். கிண்ணத்தை இரண்டு பாதியாக நினைத்து, ஒவ்வொரு பாதியின் நடுவிலும் ஒன்று. சுவரை ஒட்டி வைக்க வேண்டாம், கண்ணாடி ஒரே இடத்தில் சூடேறும். இரண்டையும் மிக நெருக்கி வைத்தால் சுடர்கள் சேர்ந்து ஒன்றாகிவிடும். இரண்டும் சேர்ந்து சூடு அதிகம் வரும் என்பதால், அந்தப் பாதி அளவுள்ள தனி ஜாடிக்குப் போடுவதைவிட ஓர் எண் குறைத்தே தொடங்குங்கள்.

வேலூர் வாசகி: மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. திரி மாற்ற வேண்டுமா?

வேண்டாம். சோயாவின் இயல்பு அது, எரிவதைக் கெடுக்காது.

நாகர்கோவில் வாசகர்: திரிக்குள் ஈயக் கம்பி இருக்குமா என்று பயமாக இருக்கிறது.

அமெரிக்கா 2003-இல் ஈயத் திரியைத் தடை செய்தது. இன்று கம்பி வைத்த திரியில் பெரும்பாலும் துத்தநாகமே. சந்தேகம் இருந்தால் மெழுகை வழித்துவிட்டு, கம்பியை வெள்ளைத் தாளில் தேயுங்கள். பென்சில்போல் கோடு விழுந்தால் ஈயம், தூக்கிப் போடுங்கள். எப்படியும் சோயா ஜாடிக்குக் கம்பித் திரி தேவையில்லை, பருத்தியே போதும்.

திருநெல்வேலி வாசகி: மேலே காய்ந்த ரோஜா இதழ், பட்டை, நட்சத்திர சோம்பு வைத்து விற்கிறேன். வாங்கியவர்களுக்கு மிகவும் பிடிக்கிறது. ஆனால் ஒருவர் "சுடர் இரண்டாக எரிகிறது" என்கிறார்.

இன்றே அவருக்கு ஃபோன் செய்து அதை ஏற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். மெழுகு உருகியதும் அந்த இதழும் பட்டையும் மிதந்து திரியிடம் வரும். மெழுகில் ஊறிய பட்டை இன்னொரு திரிதான். நீங்கள் அளவு பார்த்துப் போட்ட ஒரு திரியோடு, அளவே இல்லாத மூன்று திரிகளைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறீர்கள். படம் எடுக்க வேண்டுமானால் ஜாடிக்குப் பக்கத்தில் வையுங்கள்.

காரைக்குடி வாசகர்: மல்லிகை வாசனை, 8 சதவீதம், 7 செ.மீ. ஜாடி, ஈகோ 8. நன்றாக உருகுகிறது, வாசனைதான் இல்லை. ஊற்றிய மறுநாள் ஏற்றினேன்.

மறுநாள் ஏற்றினால் வராது. மூடி போட்டு இரண்டு வாரம் வையுங்கள். அப்புறமும் வரவில்லை என்றால், வாசனை எண்ணெயைச் சேர்த்தபோது மெழுகு எத்தனை டிகிரியில் இருந்தது, எத்தனை நிமிடம் கலக்கினீர்கள் என்று எழுதுங்கள். 75 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சேர்த்து, இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்குவது என் வழக்கம். திரியை மாற்ற வேண்டாம்.