73 நோட்டில் ஒரு கொடி

அன்புள்ள ஐயா,

இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அலங்கார வடிவங்கள் வரையப் பழகி வருகிறேன். ஒரு சுருள் கொடியைத் தாளில் வரைந்து, போட்டோ எடுத்து, அதன்மேல் பென் டூலால் நோட் நோட்டாக (கோடு கடந்துபோக வேண்டிய புள்ளிகள்) வைத்துக்கொண்டே போனேன். தாளில் வழுக்கிக்கொண்டு போகிற கோடு திரையில் குண்டும் குழியுமாக இருக்கிறது. சரிசெய்யச் சரிசெய்ய மோசமாகிறது. எண்ணிப் பார்த்தேன், அந்த ஒரு கொடியில் மட்டும் 73 நோட். அப்புறம், ஏழு இதழ் உள்ள ஒரு பூ. ஒரு இதழை வரைந்து நகலெடுத்துச் சுழற்றினேன். கடைசி இதழுக்கும் முதல் இதழுக்கும் நடுவில் மட்டும் மெல்லிய இடைவெளி விழுகிறது. என் கைதான் சரியில்லையா? மவுஸை விட்டுவிட்டு பென் டேப்லெட்டுக்கு மாற வேண்டுமா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கையில் கோளாறு இல்லை. டேப்லெட்டும் இப்போதைக்கு வேண்டாம். பென் டூலில் நீங்கள் புள்ளியை மட்டும்தான் வைக்கிறீர்கள், கோட்டைப் போடுவது கணக்கு. கோளாறு அந்த 73-இல் இருக்கிறது.

கணினிக்கு முந்தைய காலத்தில் கப்பல் கட்டுகிறவர்கள் நீண்ட வளைவுகளை வரைய மெல்லிய மரப்பட்டி வைத்திருந்தார்கள். பட்டியை வளைத்து, அங்கங்கே ஈயக் கட்டிகளை வைத்து நிறுத்தி, அதன் ஓரமாகக் கோடு இழுப்பார்கள். அந்தப் பட்டிக்குப் பெயர்தான் ஸ்ப்ளைன். நாலைந்து கட்டி என்றால் மரம் தன் இயல்பில் வளையும். அடிக்கு இருபது கட்டி வைத்தால் ஒவ்வொன்றும் பட்டியைத் தன் பக்கம் இழுக்கும், கோடு நெளியும். உங்கள் கொடியில் நடந்திருப்பதும் இதுதான்.

ஒரு வட்டம் போட்டு, அதைப் பாத்தாக, அதாவது நோட்டுகளால் ஆன கோடாக, மாற்றி, நோட் டூலால் க்ளிக் செய்து பாருங்கள். மேல், கீழ், இடம், வலம் என்று நாலே நோட். ஒவ்வொன்றிலிருந்தும் நீண்டு, வளைவு எந்தப் பக்கம் எவ்வளவு போகும் என்பதைத் தீர்மானிக்கும் கைப்பிடியான ஹேண்டில், ஆரத்தில் ஏறக்குறைய 55 சதவீதம். கறாராகப் பார்த்தால், பென் டூல் போடும் இந்த வளைவால் (பெயர் பெசியே வளைவு) அசல் வட்டத்தை வரையவே முடியாது. ஆனால் இந்த நாலு நோட் வட்டத்தின் பிசகு ஆரத்தில் 0.03 சதவீதத்தைக்கூட எட்டாது. ரெனோ கார் நிறுவனத்தில் பியர் பெசியேயும், அவருக்குச் சற்று முன்பே சித்ரோயெனில் பால் த காஸ்டெல்ஜோவும் கார் பாடியின் வளைவுகளுக்காகத் தனித்தனியே கண்டுபிடித்த கணக்கு இது. கொடிக்கு 73 எதற்கு?

இருக்கிறதைத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள். போட்டோவை அடியில் ஒரு லேயரில் பூட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். சுருளில் கோடு ஆக மேலே, ஆக வலத்தே, ஆகக் கீழே, ஆக இடத்தே போய்த் திரும்புகிற இடங்களில் மட்டும் நோட். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஹேண்டிலை இழுத்தால் அது 15 டிகிரிப் படிகளில் நிற்கும். மேல், கீழ் நோட்டுகளுக்குப் படுக்கையாகவும் இட, வல நோட்டுகளுக்கு நெட்டாகவும் விடுங்கள். நீளம், அடுத்த நோட்டுக்கு உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். சுருள் உள்ளே போகப் போக ஹேண்டிலும் சீராகக் குட்டையாக வேண்டும். ஒன்று மட்டும் நீண்டுவிட்டால் அந்த இடத்தில் முழங்கை மாதிரி புடைக்கும். இரண்டரைச் சுற்றுக்குப் பதினொரு நோட் போதும். வளைவு எதிர்ப்பக்கம் புரளும் இடத்தில் நோட் வைக்க ஆசை வரும். பெரும்பாலும் தேவைப்படாது, இரண்டு பக்கத்து ஹேண்டில்களே அதைப் பார்த்துக்கொள்ளும்.

நோட்டுகளைத் தானாகக் குறைக்கும் ‘சிம்ப்ளிஃபை’ கட்டளையைப் போட்டால் ஆயிற்றே என்று யாராவது சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். நோட் குறையும், ஆனால் மிச்சம் எங்கே நிற்பது என்பதை அது தன் இஷ்டத்துக்கு முடிவு செய்யும். கூராக வரைந்த இலை நுனி மழுங்கிப்போயிருந்ததை, அச்சாகி வந்த பிறகு பார்த்தவன் நான்.

பூவின் சங்கதி வேறு. சுழற்றும்போது 51.4 என்று அடித்திருப்பீர்கள். 360-ஐ 7-ஆல் வகுத்தால் 51.428 என்று போய்க்கொண்டே இருக்கும். ஏழு தடவை 51.4 என்றால் 359.8தான். மீதி 0.2 டிகிரி மொத்தமும் கடைசி இடைவெளியில் வந்து விழுகிறது. பூவை 500 மில்லிமீட்டர் ஆரத்துக்குப் பெரிதாக்கினால் விளிம்பில் அது 1.75 மில்லிமீட்டர், நன்றாகவே தெரியும். கோணப் பெட்டியில் 360/7 என்றே அடியுங்கள், இங்க்ஸ்கேப் வகுத்துக்கொள்ளும். நகலெடுப்பதற்கு முன்பே இதழை இரண்டாம் முறை க்ளிக் செய்து, நடுவில் தெரியும் கூட்டல் குறியைப் பூவின் மையத்துக்கு இழுத்து வைத்துவிடுங்கள்.

எல்லா இதழ்களுக்கு நடுவிலும் மயிரிழை தெரிந்தால் கோணம் காரணமல்ல. ஒட்டி நிற்கும் இரண்டு விளிம்புகளையும் திரை தனித்தனியாக மென்மையாக்குவதால் பின்னணி கசிகிறது. இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நின்றால் போய்விடும்.

இதழையும் பாதிதான் வரையுங்கள், மறுபாதியைப் புரட்டி ஒட்டிக்கொள்ளலாம். நுனி உருண்டையாக வேண்டுமானால் அங்கே ஹேண்டில் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டிய இடத்தில் மூக்கு முளைக்கும்.

கொடியை முதலில் போட்டுப் பாருங்கள். 73 எவ்வளவுக்கு இறங்கியது என்று எழுதுங்கள். 20-க்கு மேல் இருந்தால் ஃபைலையும் சேர்த்து அனுப்புங்கள்.